கரையும் கலிங்கும்: சின்ன அணைகளின் பாதுகாப்பு

அணையின் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் மேட்டூர், வைகை, முல்லைப் பெரியாறு என்று பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்திருப்பது அவற்றைப் பற்றி அல்ல. ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலாக நிற்கும் மண் கரைகளைப் பற்றி. நம் கோட்டைப்பட்டினத்தைச் சுற்றி மணமேல்குடி, ஆவுடையார்கோவில், அறந்தாங்கி வட்டாரம் முழுக்கக் கண்மாய்கள் இருக்கின்றன. மேல் கண்மாய் நிறைந்து, உபரிநீர் வழியும் கலிங்கு பாய்ந்தால் அந்த நீர் கீழ்க் கண்மாய்க்கு வரும். அது நிறைந்தால் அதற்கும் கீழே போகும். கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பாலங்களுக்கு அடியில் புகுந்து கடலில் சேரும். நாம் இருப்பது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில். மேலே எந்தக் கரை எப்படி இருக்கிறது என்பது நம் வீட்டு வாசலோடு சம்பந்தப்பட்ட விஷயம். நான் சொல்ல வந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னக் கரைகள் பெரும்பாலும் வயதாகி உடைவதில்லை. நம் வசதிக்காக ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளும் சிறு மாற்றங்கள் ஒன்றுசேர்ந்து உடைக்கின்றன. அந்த மாற்றங்களில் முக்கால்வாசி கலிங்கின் அகலத்திலும் கரையின் உயரத்திலும்தான் கை வைக்கின்றன.

சின்னக் கரை என்பதால் சின்ன ஆபத்து என்று நினைப்பது தவறு. 50 ஏக்கர், அதாவது 20 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். நிறைந்திருக்கும்போது சராசரியாக ஒரு மீட்டர் ஆழம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பது 2 லட்சம் கன மீட்டர் தண்ணீர். எடையில் 2 லட்சம் டன். நம் நாட்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றைச் சில நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்கிறது. நம் கண்மாய் எதுவும் அந்த வாசலுக்குள் நுழையாது. இங்கிலாந்தில் 1975-ஆம் ஆண்டின் நீர்த்தேக்கச் சட்டம் உயரத்தைப் பார்ப்பதில்லை, கொள்ளளவைப் பார்க்கிறது. சுற்றியுள்ள தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர் தேங்கினாலே அந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் நான் சொன்ன 50 ஏக்கர் கண்மாய் எட்டு மடங்கு பெரியது. உடைப்பெடுத்து வரும் தண்ணீர் தன்னைத் தடுத்த கரையின் உயரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு வருவதில்லை. எவ்வளவு தேங்கியிருந்ததோ அவ்வளவும் வரும். சட்டம் பெரிய அணைகளில் தொடங்கியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டத்துக்கு வெளியே நிற்பதாலேயே ஒரு கரை பாதுகாப்பானதாகிவிடாது. அதைப் பார்க்கும் வேலை ஊருக்கு வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

வசதிக்காகச் செய்த சிறு மாற்றங்கள் என்றேனே, அதற்கு உலகம் அறிந்த சாட்சி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த சவுத் ஃபோர்க் அணை. 72 அடி உயர மண் அணை. படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் தருவதற்காக அரசு கட்டியது. கால்வாயின் காலம் முடிந்ததும் கைமாறிக் கைமாறி, 1879-இல் மீன்பிடிப்புக்கும் வேட்டைக்கும் ஓய்வுக்குமான ஒரு மன்றத்தின் கைக்கு வந்தது. பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வந்தர்கள் அதன் உறுப்பினர்கள். ஆண்ட்ரூ கார்னகியும் அதில் இருந்தார். அணையின் அடியில் தண்ணீரை வெளியேற்றும் குழாய்கள் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே பிடுங்கி விற்கப்பட்டிருந்தன. மன்றம் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. குதிரை வண்டிகள் போய்வர வசதியாகக் கரையின் உச்சியை வெட்டித் தாழ்த்தினார்கள். வளர்த்த மீன் தப்பிப் போகாமலிருக்க, வழிநீர் போகும் வாயில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். கீழே ஜான்ஸ்டவுன் நகரில் இருந்த கேம்ப்ரியா இரும்பாலையின் பொறியாளர் ஜான் ஃபுல்டன் 1880-இல் வந்து பார்த்து, வெளியேற்றுக் குழாய் இல்லை, கசிவு இருக்கிறது என்று எழுதியே கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் நீர் கரைமேல் வழிந்தது. மீன் தடுப்பில் குப்பையும் மரத்துண்டுகளும் சேர்ந்து வழிநீர்ப் பாதையை அடைத்திருந்தன. பிற்பகலில் கரை உடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய குற்றமாகத் தெரியாது. வண்டி போக வழி, மீன் போகாமல் தடுப்பு, திரும்பப் பொருத்தாமல் விட்ட குழாய். மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அணையின் உயிர் போயிற்று.

இதைக் கேட்கும்போது நம் கண்மாய்கள் உங்கள் கண்முன் வந்திருக்கும். மீன்பாசி ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்க்கிறார். கலிங்கு பாயும்போது மீன் ஓடிவிடுமே என்று வலையைக் குறுக்கே கட்டுகிறார். முதல் வெள்ளத்தில் அடித்துவரும் ஆகாயத்தாமரையும் சருகும் கருவேல முள்ளும் அந்த வலையில் படிகின்றன. ஆயக்கட்டு விவசாயி, இன்னும் ஒரு தண்ணீர் பாய்ச்சினால் பயிர் தேறிவிடும் என்று கலிங்கின்மேல் மண்மூட்டை அடுக்குகிறார். அவருடைய கவலை நியாயமானது. கடைமடைப் பயிரின் தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த ஓரடி மூட்டை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கலிங்கின்மேல் போகும் நீரின் அளவு, அங்கே நிற்கும் ஆழத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடும். கரை மூழ்காமல் கலிங்கின்மேல் அதிகபட்சம் இரண்டடி நீர் நிற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 100 பங்கு நீர் வெளியேறுகிறது. ஓரடி மூட்டை அடுக்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஓரடி ஆழம். வெளியேறுவது 50 பங்கு என்று தோன்றும். உண்மையில் 35 பங்குதான். மூன்றில் இரண்டு பங்கு வழியை ஒரு வரிசை மூட்டை அடைத்துவிடுகிறது. 20 மீட்டர் நீளக் கலிங்கு இருந்தும் ஏழு மீட்டர் கலிங்கை வைத்துக்கொண்டு வெள்ளத்தைச் சந்திக்கிறது அந்தக் கண்மாய். கலிங்குக்குக் கீழே போகும் வழிநீர் வாரியில் வீடோ தோப்போ முளைத்திருந்தால் அந்த ஏழு மீட்டரும் முழுதாகக் கிடைக்காது. வெளியேற வழியில்லாத நீர் கரையின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடிக்கொள்ளும். அங்கே ஒரு சாண் ஆழத்துக்கு வழிந்தாலும் போதும். வெளிச்சரிவின் அடியில் அரிப்பு தொடங்கி, படிப்படியாக இடிந்து, உச்சியை நோக்கி ஏறி வந்துவிடும். மண் கரைக்குத் தன்மேல் வழியும் தண்ணீரைத் தாங்கும் சக்தி கிடையாது.

கரையின் தாழ்ந்த இடங்கள் எப்படி உண்டாகின்றன? பெரும்பாலும் நடமாட்டத்தால். ஆடுமாடு இறங்கும் தடம், டிராக்டர் ஏறி இறங்கும் இடம், பைக் போகிற ஒற்றையடிப் பாதை எல்லாம் ஆண்டுக்குக் கொஞ்சமாகக் கரையைத் தாழ்த்துகின்றன. இலங்கையின் கந்தளாய்க் குளம் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த பழமையுடையது. 1986 ஏப்ரல் 20 அன்று விடியும் முன்பே அதன் கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலவீனப்பட்டிருந்த கரைமேல் கனரக வாகனங்கள் ஓடியது முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. இப்போது புதிதாக ஒரு பயன்பாடு வந்திருக்கிறது: பொழுதுபோக்கு. கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளத்தையும் வாலாங்குளத்தையும் பாருங்கள். கரையில் நடைபாதை, விளக்கு, அமர இருக்கை, படகு. அதைப் பார்த்து எல்லா ஊர்களிலும் தங்கள் குளத்துக்கும் அப்படி வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அந்த வேலையின் மதிப்பீட்டைத் தயாரிக்கும்போது முதல் வரியில் ஓடுகல்லும் விளக்குக் கம்பமும் இருந்தால் ஏதோ தவறு நடக்கிறது என்று அர்த்தம். கலிங்கு எத்தனை அடி, அதன் மட்டத்துக்கு மேல் கரை எத்தனை அடி, கரையின் நீளம் முழுக்க அந்த உயரம் சமமாக இருக்கிறதா என்ற மூன்று அளவுகளும் முதலில் எழுதப்பட வேண்டும். நடைபாதைக்குக் கரையை அகலப்படுத்துவதானால் வெளிப்பக்கம் மண் சேர்த்து அகலப்படுத்த வேண்டும். உச்சியைச் செதுக்கி அகலம் காட்டக் கூடாது. கண்மாயின் அழகுக்காக எப்போதும் நிறைந்த நீர் வேண்டும் என்று கலிங்கை ஓரடி உயர்த்திக் கட்டக் கூடாது.

மேலே வழிந்து உடைவது ஒரு வகை. உள்ளுக்குள் அரித்து உடைவது இன்னொரு வகை. அது மழையே இல்லாத நாளிலும் நடக்கும், அதனால் அதிக கவனம் கேட்பது. மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற மண் அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து, கீழே இருந்த குடியிருப்பை அடித்துப்போனது. கரையில் கசிவு இருப்பதை ஊர்மக்கள் முன்பே அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு, நண்டுகள் வளை தோண்டியதுதான் காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார். நாடு முழுக்க அது கேலிக்கு ஆளானது. நண்டு வளையும் எலி வளையும் மண் கரைக்கு ஆபத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நண்டு ஒரு இரவில் அணையை உடைப்பதில்லை. வளை இருப்பதைப் பார்த்து அடைக்க ஆள் இல்லாமல் போன மாதங்கள்தான் உடைக்கின்றன. பொறுப்பை நண்டின் தலையில் போட்டது அந்தக் குடும்பங்களுக்குச் செய்த இரண்டாவது அநியாயம்.

கசிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இது எல்லோரும் தெரிந்துகொள்ளக் கூடியது, தெரிந்தால் உயிர் காக்கக் கூடியது. கசியாத மண் கரை உலகத்தில் இல்லை. நம் கடலோரப் பக்கத்தில் மண்ணில் மணல் கலப்பு அதிகம், கசிவும் அதிகம். கரையின் வெளிப்பக்க அடியில் ஈரம் இருப்பதோ, கோரை பச்சையாக நிற்பதோ தன்னளவில் ஆபத்தில்லை. போன ஆண்டு இருந்த இடத்தில், போன ஆண்டு இருந்த அளவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கே ஊற்றுப்போல நீர் வெளியே வந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து அசையாமல் வைக்க வேண்டும். அடியில் எதுவும் படியாமல் தெளிந்த நீராகவே இருந்தால் கரை தண்ணீரை மட்டும் விடுகிறது. அடியில் வண்டலோ மணலோ படிந்தால் கரை தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்புகிறது. உள்ளே ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் எல்லோரும் செய்யும் காரியம், வெளியே தெரியும் வாயில் களிமண்ணைத் திணித்து அடைப்பது. தண்ணீர் நின்றுவிட்டதுபோல் தெரியும். ஆனால் உள்ளே அழுத்தம் கூடி, பக்கத்தில் இன்னும் பெரிய வாயாகத் திறக்கும். களிமண்ணால் அடைக்க வேண்டியது உட்பக்க வாயை, அது கண்ணில் பட்டால். வெளிப்பக்கம் செய்ய வேண்டியது வேறு: முதலில் பருமணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என்று அடுக்க வேண்டும். தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது. சுற்றிலும் மண்மூட்டையால் கிணற்று உறைபோல வட்டம் கட்டி, உள்ளே நீரைக் கொஞ்சம் தேங்கவிட்டால் கசிவின் வேகம் தணியும். மடையை முழுதாகத் திறந்து கண்மாயின் மட்டத்தை இறக்கத் தொடங்குவதும், கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்புவதும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். கல்லும் சிமெண்டும் மண்ணோடு சேரும் மடையின் ஓரம்தான் கசிவு முதலில் தேடும் பாதை. பார்வையை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

தூர்வாரும் வேலையிலும் ஒரு எச்சரிக்கை தேவை. கண்மாயில் வண்டல் எடுப்பது மிக நல்ல காரியம். ஆனால் இயந்திரம் நிற்க வசதி, லாரி ஏற வசதி என்று கரையின் உட்பக்க அடியை ஒட்டியே பள்ளம் தோண்டினால் கரை தன் காலை இழக்கிறது. எடுத்த மண்ணைக் கரைமேல் கொட்டிவிட்டு, கரையைப் பலப்படுத்தியாயிற்று என்று கணக்கு முடிப்பதும் தவறு. கொட்டிய மண் கரை ஆகாது. சாண் கனத்துக்குப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்டியோ திமிசு போட்டோ இறுக்கி, அதன்மேல் அடுத்த சாண் வைக்க வேண்டும். இறுகாத மண் முதல் மழையிலேயே வாய்க்கால் வாய்க்காலாகக் கரைந்துவிடும்.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் இருக்கின்றன. முதலாவது: இந்தக் கண்மாய்கள் பல நூறு ஆண்டுகளாக நிற்கின்றன, இனிமேலா உடையப்போகின்றன? நிற்கின்றன என்பது உண்மை. தானாக நிற்கவில்லை என்பதும் உண்மை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என்று தனிக் குழுவே அமைத்ததைச் சொல்கிறது. ஏரி மராமத்துக்கென்றே ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கிய செய்திகள் கல்வெட்டுகளில் உண்டு. படகு விட்டு வண்டல் எடுக்க அறக்கட்டளை வைத்ததும் உண்டு. புதுக்கோட்டைப் பகுதியில் குமிழி என்ற மடையைச் செய்து கொடுத்தவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை ஏற்பாடுகளை ஒரு சமுதாயம் எதற்காகச் செய்தது? கரை உடையும் என்று தெரிந்திருந்ததால். பழமையைச் சான்றாகக் காட்டுபவர்கள் அந்தப் பழமையின் பராமரிப்பையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் மரத்தைப் பற்றியது. மரம்தானே கரையைப் பிடித்து நிறுத்துகிறது, அதை வெட்டச் சொல்லலாமா என்பார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. நம் முன்னோர் கரையில் பனை நட்டார்கள். பனையின் வேர் சல்லிவேர். பருத்து மண்ணைப் பிளக்காது. பனையை யாரும் தொட வேண்டாம். கரையைப் போர்த்த அறுகம்புல்லைப்போல நல்லது வேறில்லை. ஆனால் சீமைக்கருவேலும் மற்ற பருத்த வேர் மரங்களும் வேறு. பட்டுப்போன மரத்தின் வேர் மக்கினால் அந்த இடத்தில் தண்ணீருக்கு ஆயத்தமான குழாய் கிடைக்கிறது. புயலில் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு விழும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மாவட்டத்தில் எத்தனை மரங்களைப் பிடுங்கிப் போட்டது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவேல முட்புதர் இன்னொரு கெடுதலும் செய்கிறது: கரையைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. வெடிப்பும் வளையும் கசிவும் புதருக்குள் யாருக்குத் தெரியும்?

மூன்றாவதாக, எங்கள் கண்மாய் பாதி ஆண்டுகள் நிறைவதே இல்லை, இதில் வெள்ளம் எங்கே வந்தது என்று கேட்பார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம்மைப்போலவே ஒரு கடற்கரை ஊர்; நம்மைப்போலவே தண்ணீருக்குத் தவித்த மாவட்டம். அந்த மழையில் தூத்துக்குடி மாவட்டத்துக் குளங்கள் பல உடைந்தன. வறண்டு கிடந்த கரை பாதுகாப்பான கரை என்பதும் சரியில்லை. காய்ந்த களிமண் ஆழமாக வெடிக்கிறது. நெடுநாள் வற்றிய கரையில் எலி குடியேறுகிறது. ஓரிரு நாளில் திடீரென நிறையும்போது அந்த வெடிப்புகளிலெல்லாம் தண்ணீர் புகும். சங்கிலித் தொடரில் மேலே ஒன்று உடைந்தால், அடுத்த கண்மாய்க்கு மழை வெள்ளத்தோடு ஒரு முழுக் கண்மாயின் நீரும் சேர்ந்து வரும். அதன் கலிங்கு அந்த அளவுக்குக் கட்டப்பட்டதல்ல.

நான்காவது வாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கண்மாய்க் கரையில் மக்கள் நடக்கத் தொடங்கினால் அவர்களே காவலாகிவிடுவார்கள், ஆகவே பொழுதுபோக்கு பாதுகாப்புக்குத் துணைதான் என்பது அந்த வாதம். சரியான வாதம். தினமும் காலையில் நடக்கும் இருபது பேரின் கண்ணுக்கு ஈடான கருவி எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பார்க்க முடிகிறபடி கரை திறந்திருக்கவும் வேண்டும். இங்கிலாந்தின் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே டாட்புரூக் என்ற பழைய மண் அணை இருக்கிறது. கால்வாய்க்காகக் கட்டியது, பாய்மரப் படகு மன்றமும் அதைப் பயன்படுத்தியது. 2019 ஆகஸ்ட் 1 அன்று கனமழையில் அதன் துணை வழிநீர்ப் பாதையின் கான்கிரீட் பலகைகள் பெயர்ந்து, கீழிருந்த மண் அடித்துப்போனது. சுமார் 1,500 பேரை வெளியேற்றினார்கள். சட்டமும் ஆய்வும் உள்ள நாட்டிலேயே, வடிவமைப்புக் குறையும் பராமரிப்புக் குறையும் சேர்ந்து அந்த நிலையை உண்டாக்கின என்று பிறகு ஆய்வறிக்கை சொன்னது. கான்கிரீட்டுக்கு அடியில் நடப்பது எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆனாலும் ஒருவர்கூட இறக்கவில்லை. பார்த்தவுடன் சொன்னார்கள், சொன்னவுடன் ஊரைக் காலி செய்தார்கள், நீரை இறைத்து மட்டத்தைக் குறைத்தார்கள். நம் கரைகளில் நடைபாதை போடுவதானால் கரைமுகம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். மண்ணும் புல்லும் தெரியட்டும்.

கடைசியாக, இதை யார் செய்வது என்ற கேள்வி. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. ஒன்றியத்தில் நூற்றுக்கணக்கான கண்மாய்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பொறியாளர்களே உண்டு. அவர்கள் எல்லாக் கரையிலும் நடப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அவர்களுக்கும் நியாயமில்லை. 1858-இல் வெள்ளையர் அரசு ஒரு சட்டம் போட்டது: கரை உடையும் அபாயம் வந்தால் உழைக்கும் வகுப்பினரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்று. சுமையை எளியவர் தோளில் மட்டும் ஏற்றிய அந்த முறை நமக்கு வேண்டாம். வேண்டியது இரண்டு கிராம சபைகள். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு முன்பு, கண்மாய் வற்றியிருக்கும் நாட்களில், ஆயக்கட்டு விவசாயிகளும் மீன்பாசி ஏலதாரரும் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவர்களும் ஒன்றாகக் கரை முழுதும் நடக்கட்டும். வளை, வெடிப்பு, தாழ்ந்த இடம், மடை ஓரம், கலிங்கு, வழிநீர் வாரி எல்லாவற்றையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, அன்றைய சபையில் படிக்கட்டும். கலிங்கின் மட்டத்தை அதன் பக்கச் சுவரில் வண்ணக் கோடாகப் போட்டுவிட்டால், மழைக்காலத்தில் அந்தக் கோட்டுக்கு மேல் மூட்டையோ பலகையோ வந்திருக்கிறதா என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வலை கட்டக் கூடாது என்பது மீன்பாசி ஏல நிபந்தனையிலேயே எழுதப்படட்டும். எழுதிய பழுதுகளில் எவை சரிசெய்யப்பட்டன, எவை மிச்சம் என்பதை அக்டோபர் 2 சபை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மூன்று வாரங்கள்தான் இருக்கும். அந்த நாட்களில் கலிங்கும் வாரியும் மட்டுமாவது சுத்தமாகிவிட வேண்டும்.